கட்டவிழ்த்த மறுநாள்

மாறுகண் அதிர்ஷ்டம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மாறுகண்ணோடு பிள்ளை பிறந்த வீட்டில் பணம் தங்கும். பெண் என்றால் போகிற வீடு விளங்கும். ஊசுட்டேரிக்கு மேற்கே ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் நான் வேலை பார்த்த காலத்தில் இதை எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். "அது யோகக் கண்ணு டீச்சரம்மா, அதுல போயி கை வைக்கச் சொல்றீங்களே." சொல்கிறவள் விடியுமுன்னே கரும்பு வெட்டப் போய்விட்டு வந்து, சேற்றுக் காலோடு பள்ளி வாசலில் நிற்பாள். யோகம் வந்துசேர்ந்த அடையாளம் எதையும் அந்த வீடுகளில் நான் பார்த்ததில்லை.

இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பேத்தியின் குறையை ஊர் வாயில் போட்டு மெல்லாமல் இருக்க என்றைக்கோ ஒரு பாட்டி எழுப்பிய வேலி அது. ஆனால் வேலிக்குள்ளே நடப்பது வேறு. இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் பார்த்தால் மூளைக்கு இரண்டு படம் போய்ச் சேரும். குழப்பம் தாங்காமல் மூளை ஒன்றைத் தள்ளி வைக்கத் தொடங்கும். தள்ளப்பட்ட கண் பார்க்கப் பழகாமலே நின்றுவிடும். சோம்பேறிக் கண் என்கிறார்கள். ஏழு எட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை நாளுக்குச் சில மணி நேரம் மறைத்து, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்கினால் பெரும்பாலும் பார்வை தேறிவிடும். வயது ஏற ஏற அது கடினம். யோகம் பலிக்கட்டும் என்று காத்திருக்கிற வருஷங்கள்தான் அந்தக் கண்ணுக்கு இருக்கிற வருஷங்கள்.

பிள்ளை என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்வதில்லை. என்னைப் பல காலம் குடைந்த விஷயம் இதுதான்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கரும்பலகைக்கு நேர் எதிரே முதல் வரிசையில்தான் உட்காருவாள். கேட்டால் அங்கேதான் காற்று வருகிறது என்பாள். பிள்ளைகளின் பார்வையைச் சோதிக்க எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் கிடையாது. வெளிச்சமான தாழ்வாரச் சுவரில் ஓர் அட்டை, இருபது அடி தள்ளித் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. அட்டையில் ஆங்கில 'ஈ' எழுத்து நான்கு பக்கமும் திரும்பித் திரும்பி இருக்கும். அதன் மூன்று கால்களும் எந்தப் பக்கம் நீள்கின்றனவோ அந்தப் பக்கம் பிள்ளை மூன்று விரலை நீட்ட வேண்டும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்ல வேண்டும், விரலால் மூடினால் சந்து வழியாகப் பார்த்துவிடும். வரிசையில் பின்னால் நிற்கிற வாலுகள் முன்னால் போனவன் விரலைப் பார்த்தே மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதனால் அட்டையை அவ்வப்போது தலைகீழாக மாட்டுவேன். இந்தப் பெண் கோட்டில் வந்து நின்றாள். கண்ணை மூடினாள். மூன்று விரலைத் தயாராக விரித்து வைத்துக்கொண்டு, "அட்டை எங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

இரண்டு கண்ணிலும் மைனஸ் நான்கு. கண்ணாடி வந்த அன்று சாயங்காலம் பள்ளி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள் என்னிடம் ஓடி வந்து, "கரண்ட் கம்பத்துக்கு எப்ப டீச்சர் கம்பி இழுத்தாங்க?" என்றாள். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தக் கம்பிகள் அங்கே தொங்கிக்கொண்டிருக்கின்றன. அதுவரை அவளுக்குக் கம்பங்கள் சும்மா நட்டு வைத்தவை. ஏதோ குறைகிறது என்ற எண்ணமே அவளுக்கு இருந்ததில்லை. உலகம் இவ்வளவுதான் என்று சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு, மூலக்குளத்தில் எங்கள் வீட்டருகே ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிறு மாலை நடக்கிற சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். ஏ.எஃப்.டி. மில்லில் வேலை பார்த்தவர், மின்துறையில் இருந்தவர், கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர், என்னைப் போல் ஓய்வு பெற்ற டீச்சர்கள் என்று ஒரு கூட்டம். வில்லியனூர் பஸ் ஹாரன் அடித்தால் பாடம் நடத்துகிற அய்யா நிறுத்துவார், அது அரும்பார்த்தபுரம் பக்கம் போன பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். திருவருட்பயன் பாடத்தில் இருள்மல நிலை என்ற அதிகாரம் வந்தது. உமாபதி சிவம் அதில் இரண்டு இருளைப் பிரித்துக் காட்டுகிறார். வெளியிருள் பொருளை மறைக்கும், ஆனால் தன்னைக் காட்டிவிடும்: விளக்கு அணைந்தால் இருட்டாக இருக்கிறது என்றாவது நமக்குத் தெரிகிறது. ஆணவ இருள் பொருளையும் மறைக்கும், மறைக்கிற தன்னையும் மறைக்கும். எனக்கு உடனே கரண்ட் கம்பி ஞாபகம் வந்தது.

நாயன்மார்களில் சுந்தரரை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. சும்மா இருந்தாரா? போன ஊரெல்லாம் கேட்டார், சண்டை போட்டார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண் என்று வாங்காமல் விடவில்லை. பார்த்த கண் போனவர் கேட்பார். இன்னொரு நாயனார் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். அவர் கண் கேட்டுத் தொடங்கவேயில்லை. திருவாரூர்க் குளத்தைத் தோண்ட இறங்கினார், சமணரோடு வாக்குவாதம் முற்றிய பிறகுதான் கண் என்ற பேச்சே வருகிறது. கேட்டவனுக்குக் கொடுப்பது அறம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. கேட்க வேண்டும் என்றே தெரியாதவனுக்கு? கண்புரை வந்த தாத்தாவுக்காக ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கலாம், எப்படியும் ஒருநாள் வந்துவிடுவார். பிள்ளைக்காக அட்டையைச் சுருட்டிக்கொண்டு நாம்தான் போக வேண்டியிருக்கிறது.

மில்லில் இருந்தவர் ஒருநாள் கேட்டார். "பொறக்கும்போதே கண்ணுல வெள்ளையோட ஒரு கொழந்த வருதுன்னா, அது அதோட வினை. அனுபவிச்சுத்தானே கழிக்கணும்? நாம குறுக்க போகலாமா?" கல்மனசுக்காரர் அல்ல அவர். அன்னதானம் என்றால் அரிசி மூட்டைக்கு முதலில் தோள் கொடுக்கிறவர். நம்மில் பலர் வாய்விட்டுச் சொல்லாததை அவர் சொன்னார், அவ்வளவுதான்.

நான் அவரிடம் அம்மை ஊசியைப் பற்றிக் கேட்டேன். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா காய்ச்சல் வந்தால் குழந்தை கண்புரையோடு பிறக்கக்கூடும்; காதும் இதயமும்கூடப் பழுதாகலாம். 2017 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப் வதந்திக்குப் பயந்து பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் இருந்தார்கள். அந்த ஊசி போட்ட பெண் நாளைக்குத் தாயாகி, பிள்ளை தெளிந்த கண்ணோடு பிறந்தால், அந்தப் பிள்ளையின் வினை எங்கே போயிற்று? ஊசி முனையில் கரைந்துவிட்டதா?

மாலைக்கண்ணையும் ஒரு காலத்தில் வினை என்றுதான் சொன்னோம். வைட்டமின் ஏ இல்லாத உடம்பில் தட்டம்மையும் வந்தால் கருவிழி குழைந்து அழிந்துவிடலாம். 1970களின் தொடக்கத்தில் மதுரை அரசு மருத்துவமனையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தாயோடு தங்கவைத்து, கீரை சமைத்துக் கொடுக்கப் பழக்கும் ஓர் இடத்தை நடத்தினார். பிறகு டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் உடன் பணியாற்றியவர்களும் திருச்சி மாவட்டத்தில் 15,000க்கு மேற்பட்ட சிறு குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 1990இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. வாரம் ஒரு சின்ன அளவு வைட்டமின் ஏ வாங்கிய குழந்தைகளிடையே சாவு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. கண்ணுக்கு என்று கொடுத்தது உயிரையே காத்தது. முருங்கைக் கீரை வேலியோரம் சும்மா தழைக்கிற நாட்டில், இதற்குப் போன பிறவியைத் தேடுவானேன்?

அய்யா தன் பங்குக்கு அருணந்தி சிவாசாரியாரை எடுத்தார். இறைவன் இன்பமும் துன்பமும் தருவதை, நோயாளியை வைத்தியர் சிலசமயம் அறுத்தும் சிலசமயம் இனிய மருந்து ஊட்டியும் குணமாக்குவதோடு ஒப்பிடுகிறது அவருடைய சிவஞான சித்தியார். வைத்தியமே வினைக்கு விரோதம் என்றால் அந்த உவமையை ஆசிரியர் எடுத்திருப்பாரா? வினையின் வரவு செலவைப் பார்ப்பவன் சிவன். கணக்குப்பிள்ளை வேலையை யாரும் நமக்குக் கொடுக்கவில்லை. மில்காரர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா, பஸ்ஸுக்கு நேரமாயிற்றா என்று சொல்ல முடியாது.

அதைவிடக் கஷ்டமான கேள்வி, டாக்டர் வெங்கடசாமியை வைத்து, பிரெஞ்சு ஆசிரியரிடமிருந்து வந்தது. வெங்கடசாமியின் கதை எங்கள் ஊருக்குத் தெரிந்ததுதான். எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்தில் 1918இல் பிறந்தவர். முடக்குவாதம் விரல்களை முறுக்கிப் போட்டது; அந்த விரல்களோடு கண் அறுவை பழகினார். 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு ஆஸ்பத்திரி தொடங்கி அதற்கு அரவிந்தர் பெயரை வைத்தார். 1910இல் இங்கே வந்து 1950இல் மறையும்வரை புதுச்சேரியிலேயே இருந்த அரவிந்தர்தான் அவருக்குக் குரு. அந்த ஆஸ்பத்திரி 2003இல் எங்கள் தவளக்குப்பத்துக்கும் வந்தது. வேலையே யோகம் என்பது வெங்கடசாமியின் வழி. பிரெஞ்சு ஆசிரியர் கேட்டார்: "அப்படின்னா ஏழைப் பிள்ளையோட கண்ணு அவர் ஆன்மா ஏறிப் போற ஏணியா?"

சுருக்கென்று இருந்தது. வெங்கடசாமி ஒருவரைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல அது. புண்ணியத்துக்காகச் சோறு போடுகிறவன், ஆண்டவருக்காகக் கண்ணாடி கொடுக்கிறவன் எல்லோரையும் பற்றியது. கொடுப்பவன் மனசைத் தோண்டி விடை காண முடியாது; மனசு எதையும் சொல்லும். ஆனால் வேறோர் இடத்தில் விடை தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இடத்தைக் காட்டியதும் அதே பிரெஞ்சு ஆசிரியர்தான்.

ஐரோப்பாவில் மாலினோ என்பவர் தத்துவ ஞானி லாக்கிடம் ஒரு கேள்வி கேட்டாராம். பிறவியிலேயே பார்வையற்று, தொட்டுத் தொட்டே கனசதுரத்தையும் உருண்டையையும் பிரித்தறிந்த ஒருவனுக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வானா? லாக் அதை 1694இல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்தார். பிரெஞ்சுத் தத்துவ ஞானி திதரோ 1749இல் பார்வையற்றவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார், அதற்காக வேன்சேன் கோட்டையில் அடைபட்டார். அப்போது இங்கே புதுச்சேரியில் துய்ப்ளே கவர்னர், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். முந்தைய ஆண்டுதான் வேதபுரீசுவரர் கோயிலை இடித்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களின் அறிவொளி எங்களுக்கு எந்த வேகத்தில் வந்து சேர்ந்தது என்பதற்கு இது ஒரு கணக்கு. போகட்டும். திதரோவின் நூல் ஒரு குறையோடு தொடங்குகிறது. பிறவிக் கண்புரை நீக்கிய ஒரு பெண்ணுக்கு முதன்முதல் கட்டு அவிழ்ப்பதைப் பார்க்க அவரை விடவில்லையாம்.

எல்லோருக்கும் அந்த நிமிஷம்தான் வேண்டும். கட்டு அவிழ வேண்டும், பிள்ளை "அம்மா" என்று கையை நீட்ட வேண்டும், நாம் பக்கத்தில் நிற்க வேண்டும். சினிமாவில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

நடப்பது அப்படியில்லை. டெல்லியில் பவன் சின்ஹா என்ற அறிவியலாளர் 'பிரகாஷ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கிராமங்களில் பார்வையில்லாமல் வளர்ந்த பிள்ளைகளைத் தேடிக் கண்டு அறுவை செய்ய வைத்து, அவர்கள் பார்க்கக் கற்பதையும் ஆராய்கிறது அது. 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரை வைத்து மாலினோவின் கேள்வியைச் சோதித்து, விடையை 2011இல் வெளியிட்டார்கள். கண்ணால் பார்த்த இரண்டு பொருளை வேறுபடுத்தச் சொன்னால் செய்தார்கள். கையால் தொட்ட பொருள் இதில் எது என்று பார்த்துச் சொல்லச் சொன்னால் முடியவில்லை. சில நாட்கள் கழித்துத்தான் கூடிவந்தது. கட்டு அவிழ்ந்த அந்த நிமிஷத்தில் எதிரே நிற்கிற தாய் ஒரு முகமாகக்கூடத் தெரியமாட்டாள்; குரல் கொடுத்தால்தான் தாய்.

மெய்கண்டாரின் சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. கண் தானாகக் காணாது. உயிர் கண்ணுக்குக் காட்டவும் வேண்டும், கண்ணோடு சேர்ந்து தானும் காணவும் வேண்டும். அதுபோல இறைவன் உயிருக்கு இரண்டு உதவி செய்கிறான்: காட்டும் உபகாரம், காணும் உபகாரம். காட்டுவதோடு அவன் போய்விடுவதில்லை. நம் தருமங்கள் முக்கால்வாசி முதலாவதோடு மூட்டை கட்டிவிடுகின்றன என்பதே என் குறை.

கண்ணாடி கொடுத்த வாரம் எல்லாப் பிள்ளையும் போட்டுக்கொண்டு வரும். மூன்றாம் வாரம் பாதிக் கண்ணாடியைக் காணோம். வீட்டுக்குப் போனால் பீரோவில், டப்பாவோடு, பழைய ஜாக்கெட் துணி சுற்றிப் பத்திரமாக இருக்கும். விசேஷத்துக்குப் போட எடுத்து வைத்திருக்கிறார்கள். பையன்களுக்குச் 'சோடாபுட்டி' என்ற பட்டம். பெண்ணுக்குப் பாட்டியின் கவலை: கண்ணாடி போட்டவளை எவன் கட்டுவான்? போட்டால் பவர் ஏறும் என்று ஒரு பயம் வேறு; வளர்கிற பிள்ளைக்குப் பவர் எப்படியும் மாறும், அதனால்தான் வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் பயம் போகாது. ஒரு திருகாணி கழன்றால் வில்லியனூர்க் கடைக்குப் போய்வர அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். அதற்குள் கண்ணாடியின் காலை நூல் போட்டுக் கட்டியிருப்பார்கள், இன்னும் நாலு நாளில் அதுவும் கிடையாது. நான் மேசையில் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் வைத்திருந்தேன். கண்ணாடி போட்டவளைத்தான் வகுப்புத் தலைவி ஆக்குவேன், அதிகாரம் உள்ள முகத்தில் பட்டப்பெயர் ஒட்டாது. கம்பி கேட்ட பெண் அந்த வருஷம் கொடிகட்டிப் பறந்தாள்.

மாறுகண் பிள்ளையின் விஷயம் இன்னும் கடினம். நல்ல கண்ணை மறைத்து ஒட்டினால் அது அழும். தெரிகிற கண்ணையல்லவா மூடுகிறோம்! தாய்க்கு அது சித்திரவதையாகப் படும், பிய்த்தெறிந்துவிடுவாள். மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துவாள். அது வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. "கண்மலரும் சாத்து, இந்த ஒட்டையும் பிய்க்காத" என்பேன். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கண்ணோடு அந்தப் பிள்ளை அரிசியில் கல் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். எந்த முகாமின் செலவுக் கணக்கிலும் அந்த ஆளுக்கு ஒரு வரி நான் பார்த்ததில்லை.

முகாம் என்றதும் ஞாபகம் வருகிறது. அட்டையை மறைத்துப் பேனர் கட்டிய ஒரு முகாமைப் பார்த்திருக்கிறேன். கொடுப்பவரின் படம் அரை ஆள் உயரம். விழுப்புரம் தாண்டித் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டாரைப் பற்றிய ஒரு கதை அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. சின்னப் பிள்ளையாக உட்கார்ந்து பெரியவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். எல்லா ஆகமமும் கற்ற பண்டிதர் ஒருவர் பல்லக்கில் வந்து இறங்கி, ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்டார். பிள்ளை பதில் பேசவில்லை. அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தது. பண்டிதர் விழுந்து வணங்கினார். அவர்தான் பிறகு அருணந்தி சிவாசாரியார். தன்னையே மறைக்கும் இருள் மைனஸ் நான்கு பிள்ளைக்கு மட்டும் என்று நினைத்தால் தப்பு. பேனருக்குப் பின்னாலும் அது இருக்கிறது. அந்தப் பிள்ளைக்காவது கண்ணாடி இருக்கிறது.

ஆகவே பிரெஞ்சு ஆசிரியருக்கு என் பதில் இது: ஏணியா இல்லையா என்பது கட்டவிழ்த்த மறுநாள் தெரியும். யோகத்துக்காக வந்தவர் மறுநாளும் வந்தால், நூல் கட்டிய கண்ணாடியைப் பார்த்தால், அடுத்த வருஷமும் அட்டையை மாட்டினால், அவர் யோகத்தோடு எனக்கு வழக்கில்லை.

அய்யா இதை ஏற்கவில்லை. "உபகாரம் ரெண்டும் அத்துவிதமா, உயிரோட பிரியாம உள்ள நிக்கிறவனால மட்டும்தாம்மா முடியும். மனுஷன் இன்னொரு மனுஷனுக்குள்ள போய் நிக்க முடியாது. ஸ்க்ரூடிரைவருக்கெல்லாம் சூத்திரத்தை இழுக்காதீங்க" என்றார். நியாயம்தான். ஆனால் அதே சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தில், வேடரிடையே வளர்ந்து தன்னை வேடன் என்றே நினைத்திருந்த அரசகுமாரனைப் போன்ற உயிருக்கு, இறைவன் குருவாக வந்து உணர்த்துகிறான் என்கிறார்கள். மனித உடம்பெடுத்து வருகிறான் என்றுதான் அய்யாவே நடத்தினார். வருகிறவன் எந்த உடம்பில், எந்த வேலையாக வருவான் என்று யார் பட்டியல் போட்டது? அவன் கையில் ஓர் அட்டையும் சாக்பீசும் இருக்கக் கூடாதா? அய்யா கொஞ்ச நேரம் யோசித்தார். உரையில் மாதவச் சிவஞான யோகிகள் என்ன சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டு வருகிறேன், அடுத்த ஞாயிறு பேசுவோம் என்றார். பிரெஞ்சு ஆசிரியரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் இன்னொரு கேள்வி இருக்கிறதாம்.